சிங்கத்துக்கு இரை கொடுப்பவர் நல்லவரா? வேதத்திலிருந்து வரும் நான்கு பதில்கள், ஒரு ஒப்பீடு

ஞாயிறு பள்ளியில் ஆதியாகமம் முதல் அதிகாரம் நடத்திய வாரம் அது. ஆறு நாளும் முடிந்து, "அப்பொழுது தேவன் தாம் உண்டாக்கின எல்லாவற்றையும் பார்த்தார், அது மிகவும் நன்றாயிருந்தது" என்ற வசனத்தைப் பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லி முடித்தார்கள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஒருத்தி கை தூக்கினாள். முந்தின நாள் டிவியில் ஆப்பிரிக்காவில் ஆற்றைக் கடக்கிற வில்டபீஸ்ட் (மாடு போன்ற ஒரு வகைப் பெரிய மான்) மந்தையைப் பார்த்திருக்கிறாள். முதலை ஒரு கன்றின் காலைக் கவ்வி உள்ளே இழுத்திருக்கிறது. "அந்தக் கன்னுக்குட்டி கரையில நின்ன அம்மாவையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு டீச்சர். அதுவும் மிகவும் நன்றாயிருந்துச்சா?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். வகுப்பு முடிந்ததும் மற்ற ஆசிரியர்களிடம் கேட்டேன். பாவத்தால் வந்தது, ஆதாமுக்கு முன் சிங்கமும் புல்தான் தின்றது என்றார் மூத்தவர். அது இயற்கையின் ஒழுங்கு, தேவன் அப்படியே படைத்தார், அதில் குறை காண நாம் யார் என்றார் இன்னொருவர். சாத்தானின் வேலை என்றார் மூன்றாமவர். கல்லூரியில் விலங்கியல் படிக்கும் தம்பி, சிருஷ்டிப்பு இன்னும் முடியவில்லை அக்கா என்றான். நால்வர் கையிலும் அதே வேதாகமம்.

இந்த நான்கில் எதைப் பிடித்துக்கொள்வது என்று திணறுகிறவர்கள் நிறையப் பேர். பிரசங்கம் தயாரிக்கிறவர்கள், பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய பெற்றோர், அறிவியல் படித்துவிட்டு ஆலயத்தில் வாய்மூடி உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள். அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடைபோடுவது

பதிலைத் தேடும் முன் எடைக்கல்லைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மனதுக்குப் பிடித்த ஒரு வசனத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மற்ற பக்கங்களை மூடிவிடுவோம். நான் ஐந்து கற்களை வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, வேதம் முழுவதும். ஆதியாகமம் 1:30 மிருகங்களுக்குப் பசும்பூண்டை ஆகாரமாகக் கொடுக்கிறது. சங்கீதம் 104:21 "பாலசிங்கங்கள் இரைக்காக கெர்ச்சித்து, தேவனால் தங்களுக்கு ஆகாரம் கிடைக்கும்படித் தேடும்" என்கிறது. யோபு 38-ல் சிங்கத்துக்கு இரை தேடிக் கொடுப்பது யார் என்று கர்த்தரே கேட்கிறார். ஏசாயா 11-ல் சிங்கம் மாட்டைப்போல் வைக்கோல் தின்கிறது. ரோமர் 8:22-ல் சர்வ சிருஷ்டியும் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது. இந்த ஐந்தில் எதை ஒரு பதில் சத்தமில்லாமல் ஓரங்கட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கணக்கு யார் பெயரில் விழுகிறது. தேவனா, மனிதனா, பிசாசா, யாருமில்லையா?

மூன்றாவது, உடம்பும் எலும்பும். சிங்கத்தின் பல்லும் குடலும் சொல்வதையும், பாறைக்குள் புதைந்த எலும்புகள் சொல்வதையும் அந்தப் பதில் தாங்குமா?

நான்காவது, அந்த ஒரு கன்று. மந்தையைப் பற்றியோ காட்டைப் பற்றியோ பேசாமல், கடிபட்ட அந்த ஒரு உயிரைப் பற்றி அதற்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

ஐந்தாவது, நம்பிக்கை. கடைசியில் என்ன ஆகும்?

நான்காவது கல்லை நான் ஏன் விடாமல் பிடித்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு ஜன்னல் சட்டத்தில் குளவி மண்கூடு கட்டும். குளவி ஒரு புழுவைத் தூக்கிவந்து உள்ளே வைத்து, கொட்டிக் கொட்டி அதையும் குளவியாக்கிவிடும் என்று பாட்டி சொல்வார். குருவின் அருள் சீடனை மாற்றுவதற்கு உவமையாகவும் இதைச் சொல்வது நம் பக்கத்தில் பழைய வழக்கம். போன வருடம் வெள்ளையடிக்கும்போது ஒரு கூடு உடைந்தது. உள்ளே ஏழு பச்சைப் புழுக்கள், ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்து வைத்திருந்தன. செத்தவை அல்ல. ஈர்க்குச்சியால் தொட்டபோது ஒன்று வால் நுனியை மட்டும் லேசாக மடக்கியது. குளவியின் விஷம் அசைவை நிறுத்திவிட்டு உயிரை விட்டுவைக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குளவிக்குஞ்சு தின்று முடிக்கிற வரை இறைச்சி கெடக் கூடாது, அவ்வளவுதான். புழு குளவியாவதில்லை. குளவிக்கு உணவாகிறது.

1860 மே மாதம் சார்லஸ் டார்வின், விசுவாசியும் தாவரவியலாளருமான ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் இதே போன்ற ஒரு குளவிக் குடும்பத்தைச் சுட்டிக்காட்டினார். உயிருள்ள புழுவின் உடம்புக்குள்ளேயே இருந்து தின்னும்படி, நல்லவரும் சர்வ வல்லவருமான கடவுள் அதை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று எழுதினார். சிங்கத்தின் வேட்டையில் ஒரு கம்பீரம் உண்டு, அதைப் பார்த்துப் பாட்டு எழுதலாம். குளவிக்கூட்டில் அது இல்லை. எந்தப் பதிலும் குளவிக்கூட்டுக்கு முன்னால் நின்று பேச வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு.

| பதில் | இரையாதல் எப்போது வந்தது | பலமான வசனம் | அதிகம் நெருடுகிற இடம் |
|---|---|---|---|
| பாவத்தின் விளைவு | ஆதாமுக்குப் பின் | ஆதியாகமம் 1:30, ஏசாயா 11 | சங்கீதம் 104, எலும்புகள் |
| ஆதியிலிருந்தே நல்லது | முதலிலிருந்தே | சங்கீதம் 104, யோபு 38–39 | ஏசாயா 11, அந்த ஒரு கன்று |
| சத்துருவின் வேலை | மனிதனுக்கு முன் | ஆதியாகமம் 3:1 | யோபு 38–39 |
| முடியாத சிருஷ்டி | முதலிலிருந்தே, ஆனால் முடிவுவரை அல்ல | ரோமர் 8 | "வேறு வழி இல்லையா?" |

## 1. பாவத்தின் விளைவு

நம் சபைகளில் பெரும்பாலும் கேட்கிற பதில் இதுதான். பழைய பதிலும்கூட. 2-ஆம் நூற்றாண்டிலேயே அந்தியோகியாவின் பேராயர் தியோபிலு, மிருகங்கள் முதலில் தீங்கானவையாகப் படைக்கப்படவில்லை, மனிதனின் பாவம்தான் அவற்றையும் கெடுத்தது என்று எழுதினார். வீட்டு எஜமான் ஒழுங்காக இருந்தால் வேலைக்காரரும் ஒழுங்காக இருப்பார்கள், எஜமான் கெட்டால் வீடே கெடும் என்பது அவர் சொன்ன உவமை. 18-ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி ரோமர் 8-ஐ வைத்து இதையே பிரசங்கித்தார். மிருகங்கள் இழந்ததை ஒருநாள் திரும்பப் பெறும் என்று நம்பினார், ஆகவே இப்போதே அவற்றிடம் இரக்கமாயிருங்கள் என்றார். இந்தக் கொள்கையின் மிக அழகான கனி அந்தக் கடைசி வார்த்தை.

இதன் பலம் வெளிப்படையானது. பசும்பூண்டு ஆதாமுக்கு மட்டுமல்ல, "பூமியிலுள்ள சகல மிருகஜீவன்களுக்கும்" ஆகாரமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மனிதனுக்கு இறைச்சி அனுமதிக்கப்படுவதே ஜலப்பிரளயத்துக்குப் பிறகு, ஆதியாகமம் 9:3-ல்தான். ஏசாயாவின் தரிசனம் இழந்த ஏதேன் திரும்ப வருவதுபோல் ஒலிக்கிறது. கணக்கு தேவன் பெயரில் விழுவதில்லை. கன்று இழுக்கப்படுவதைப் பார்த்து ஒரு பிள்ளையின் மனம் "இது சரியில்லை" என்கிறதே, அந்த உணர்வை இந்தப் பதில் மதிக்கிறது.

மறைந்திருக்கும் செலவு மெதுவாகத்தான் தெரியவரும். ஆதியாகமம் 3-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். சர்ப்பம் சபிக்கப்படுகிறது. "பூமி உன்னிமித்தம் சபிக்கப்பட்டிருக்கும்" என்கிறார். முள்ளும் குருக்கும், வேர்வையும், பிரசவ வேதனையும் வருகின்றன. சிங்கத்துக்கு அன்று பல் முளைத்ததாக ஒரு வரியும் இல்லை. ரோமர் 5:12 மரணம் "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்" எல்லாருக்கும் வந்தது என்கிறது. அங்கே பேச்சு மனுஷரைப் பற்றி. இன்னொன்று, ஆதியாகமம் 1:30-ன் பட்டியலில் தரை மிருகங்கள், பறவைகள், ஊரும் பிராணிகள் உண்டு, கடல்வாழ் உயிர்கள் இல்லை. பெரிய மீன் சின்ன மீனைத் தின்றதா என்ற கேள்வியை அந்த வசனம் தொடவே இல்லை.

உடம்புக்கு வருவோம். வீட்டுப் பூனையை வைத்தே பேசலாம். பூனைக்குத் தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எலியும் பல்லியும் தேடித் தின்று ஈடுகட்டிக்கொள்ளும். கதவடைத்து வளர்த்தால் நலிந்துபோகும். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதுமான அளவு தானாகச் செய்துகொள்வதில்லை. அது இறைச்சியிலிருந்துதான் வரவேண்டும். வராவிட்டால் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். கேரட்டில் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ-ஆக மாற்றவும் அதற்கு இயலாது. சிங்கமும் அதே குடும்பம்தான். கத்திரிபோல் வெட்டும் கடைவாய்ப்பல், குட்டையான குடல், உள்ளிழுத்துக்கொள்ளும் நகம், இருட்டில் பார்க்கும் கண் எல்லாமே வேட்டைக்காக அமைந்தவை. வைக்கோல் தின்ற சிங்கம் ஒன்று இருந்ததென்றால் அது வேறொரு பிராணி.

அப்படியானால் பாவத்துக்குப் பிறகு அந்தப் பல்லையும் விஷத்தையும் சிலந்தியின் வலையையும் வடிவமைத்தது யார்? தேவன்தான் என்றால், பாவமே செய்யாத மானுக்கு மனிதனின் பாவத்துக்காகத் தண்டனை கொடுத்தவராகிறார். எந்தக் கணக்கைத் தீர்க்க இந்தப் பதிலைத் தேடினோமோ, அதே கணக்கு பின்வாசல் வழியாகத் திரும்பி வருகிறது.

எலும்புகளும் இருக்கின்றன. ட்ரைசெராடாப்ஸ் என்ற தாவரம் தின்னும் டைனோசரின் எலும்பில், டைரனோசார் என்ற வேட்டை டைனோசரின் பல்தடம் பதிந்திருக்கிறது, வயது ஏறத்தாழ 6.6 கோடி வருடம். 55 கோடி வருடப் பழமையான கிளவுடினா என்ற சின்னக் கடல் உயிரின் ஓட்டிலேயே வேட்டையாடி போட்ட துளை என்று அறிஞர்கள் கருதும் ஓட்டைகள் உண்டு. பூமியின் வயது சில ஆயிரம் வருடமே என்று கொள்கிறவர்கள் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. ஏற்றுக்கொண்டும் இந்தப் பதிலை விட மனமில்லாத சிலர், ஆதாமின் பாவம் காலத்தில் பின்னோக்கியும் வேலை செய்தது என்கிறார்கள். கிறிஸ்துவின் சிலுவை அவருக்கு முந்தின ஆபிரகாமையும் இரட்சித்ததுபோல, ஆதாமின் பாவம் அவனுக்கு முந்தின டைனோசரையும் பாதித்தது என்பது வாதம். கூர்மையான யோசனைதான். இன்னும் நடக்காத குற்றத்துக்குக் கோடிக்கணக்கான வருடம் முன்பே தண்டனை அனுபவித்த அந்த உயிர்களை நினைத்தால் என் மனம் ஒப்பவில்லை.

இது யாருக்குப் பொருந்தும்? ஆறு நாளை அப்படியே ஆறு நாளாகக் கொள்ளும் சபையில் இருந்துகொண்டு, அதை விட்டு விலக விரும்பாதவருக்கு உள்முரண் குறைந்த பதில் இதுதான். அவர் சங்கீதம் 104-ஐ, வீழ்ந்த உலகத்தையும் தேவன் கைவிடாமல் போஷிக்கிறார் என்று வாசிக்கலாம். அது நேர்மையான வாசிப்பு.

## 2. ஆதியிலிருந்தே நல்லது

சங்கீதம் 104-ஐ மேலிருந்து ஒரே மூச்சில் வாசித்தால் இந்தப் பதில் தானாக வந்து நிற்கும். நீரூற்று, கழுதைக்குத் தண்ணீர், மாட்டுக்குப் புல், மனுஷனுக்குத் திராட்சரசம், கேதுரு மரத்தில் குருவிக்கூடு, வரையாட்டுக்கு மலை. அதே வரிசையில், குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், இரவில் சிங்கக்குட்டி இரை கேட்கிறது. விடிந்ததும் சிங்கம் குகைக்குள் போகிறது, மனுஷன் வேலைக்குப் புறப்படுகிறான். இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று இருவருக்கும் ஒரே எஜமான். மூன்று வசனம் தள்ளி, "அவைகளையெல்லாம் ஞானமாய்ப் படைத்தீர்" என்று வருகிறது. அந்த "அவைகளையெல்லாம்" என்பதில் சிங்கமும் அடக்கம்.

யோபு இன்னும் துணிச்சலானது. பெருங்காற்றிலிருந்து பேசும் கர்த்தர், கழுகைப் பற்றி "அதின் குஞ்சுகள் இரத்தத்தை உறிஞ்சும்" என்று முடிக்கிறார். வருத்தத்தோடு அல்ல, தன் கைவேலையைக் காட்டுகிறவரின் பெருமையோடு.

சபைப் பாரம்பரியத்திலும் இதற்கு ஆழமான வேர் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், மனிதனின் பாவத்தால் மிருகங்களின் சுபாவம் மாறிவிடவில்லை, சிங்கமும் வல்லூறும் ஒரு காலத்தில் புல் தின்றன என்பது பொருந்தாது என்று தெளிவாகவே எழுதினார். டார்வினுக்கு 600 வருடம் முன்பு. அறிவியலுக்குப் பயந்து சபை கண்டுபிடித்த சமாளிப்பு என்று இதை யாராவது சொன்னால் அது தவறு. "நன்றாயிருந்தது" என்பதற்கு எபிரெயத்தில் உள்ள "தோவ்" என்ற சொல்லும் தகுந்தது, அழகானது, வேலைக்கு உதவுவது என்றெல்லாம் விரியும். துளிக் குறையும் இல்லாத முழுமை என்று மட்டும் அதைச் சுருக்க முடியாது.

காட்டைப் பார்த்தவர்கள் இந்தப் பதிலை எளிதில் விடமாட்டார்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1926-க்குள் ஓநாய்களைக் கொன்று தீர்த்தார்கள். பிறகு எல்க் மான்கள் இளம் வில்லோ, ஆஸ்பென் மரக்கன்றுகளைத் தலையெடுக்க விடாமல் மேய்ந்தன. 1995-ல் கனடாவிலிருந்து ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்தபின் பல இடங்களில் அந்த மரங்கள் மீண்டும் உயர்ந்தன. அதில் ஓநாயின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் வேட்டை நின்றால் மானுக்கே நல்லது என்று எவரும் சொல்வதில்லை. மானின் அந்த வேகமான கால்களே ஓநாய் கொடுத்தவை.

கடற்கரைச் சபைகளை நினைக்கும்போது இந்தப் பதிலின் நியாயம் எனக்கு இன்னும் உறைக்கிறது. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்திறங்கிய முத்துக்குளித்துறைக் கரையில் இன்றும் வலையை மந்திரித்துக் கடலுக்கு அனுப்புகிறார்கள். அங்கே பீடத்தில் நின்று, ஓர் உயிர் இன்னோர் உயிரைத் தின்பதே பாவத்தின் அடையாளம் என்று பேச முடியுமா? உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் கரிநெருப்புப் போட்டு மீன் சுட்டுச் சீஷருக்குக் கொடுத்தார் என்கிறது யோவான் 21. பாவத்தையும் மரணத்தையும் ஜெயித்து எழுந்த கை அது.

ஆனாலும் செலவு இருக்கிறது, சின்னதல்ல. காட்டுக்கு நல்லது, மந்தைக்கு நல்லது, சரி. முதலையின் வாயில் இருக்கும் கன்றுக்கு? "மொத்தத்துக்கு நல்லது" என்ற வாக்கியம் எப்போதும் தின்னப்படாதவர் வாயிலிருந்தே வருகிறது. அந்தத் தர்க்கத்தைப் பழகிக்கொண்ட நாக்கு, நாளைக்கு ஊரின் வளர்ச்சிக்காகச் சிலர் நசுங்கினால் என்ன என்றும் பேசத் தொடங்கும். வேதம் அப்படிப் பேசுவதில்லை. நினிவேயை விட்டுவைக்கக் காரணம் சொல்லும் கர்த்தர், "அநேக மிருகஜீவன்களும்" அங்கே இருப்பதைக் கணக்கில் சேர்க்கிறார்.

இரண்டாவது செலவு ஏசாயா. எல்லாம் ஏற்கெனவே சரியாக இருக்கிறதென்றால் ஓநாய் ஏன் ஆட்டுக்குட்டியோடே தங்க வேண்டும்? அது ஜாதிகளின் சமாதானத்துக்கு உருவகம் மட்டுமே என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மக்களின் மிக ஆழமான ஏக்கத்தைச் சொல்ல தீர்க்கதரிசி ஏன் இந்த உருவகத்தை எடுத்தார் என்ற கேள்வி மிஞ்சுகிறது.

வனத்துறையில் வேலை செய்கிறவர், மீனவர், உயிரியல் ஆசிரியர், ஆட்டுமந்தை வைத்திருப்பவர் போன்றோருக்கு இது பொருந்தும். தினமும் கையில் இரத்தம் படுகிறவருக்குத் தன் வேலையைப் பற்றிய குற்ற உணர்வு இல்லாமல் ஜெபிக்க இது வழி கொடுக்கும். நேற்று தன் நாய்க்குட்டியைச் சிறுத்தைக்குப் பறிகொடுத்த பிள்ளையிடம் மட்டும் முதல் பதிலாக இதைச் சொல்லாதீர்கள்.

## 3. சத்துருவின் வேலை

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், என் மனம் இதில் ஒட்டவில்லை. மனிதனுக்கு முன்பே விழுந்த தூதர்கள் சிருஷ்டிப்பைக் கெடுத்தார்கள், மிருகங்களின் வன்முறை அதிலிருந்து வந்தது என்பது வாதம். 20-ஆம் நூற்றாண்டில் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் இதை ஒரு சாத்தியமாக முன்வைத்தபின் பலர் எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு ஒரு நல்ல ஆதாரம் உண்டு. ஆதாம் பாவம் செய்யும் முன்பே சர்ப்பம் தோட்டத்துக்குள் இருக்கிறது. அப்படியானால் தீமை மனிதனோடு தொடங்கவில்லை. எலும்புகளின் காலக்கணக்கோடும் இது மோதுவதில்லை. கணக்கு தேவன் பெயரிலும் விழுவதில்லை, ஏவாள் பெயரிலும் விழுவதில்லை. நிலத்தில் களை கண்ட வேலைக்காரருக்கு எஜமான் சொன்ன "சத்துரு அதைச் செய்தான்" என்ற பதிலின் நேரடித் தன்மை இதில் இருக்கிறது.

ஆனால் சிங்கத்தின் பல்லைப் பிசாசு செய்தான் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. பேதுரு பிசாசைக் கெர்ச்சிக்கிற சிங்கத்துக்கு ஒப்பிடுகிறார், உண்மை. அதே "கெர்ச்சி" என்ற சொல்லை நம் பழைய மொழிபெயர்ப்பு சங்கீதம் 104-லும் வைத்திருக்கிறது. அங்கே அந்தக் கெர்ச்சிப்பு தேவனிடம் ஆகாரம் கேட்கிற சத்தம். மாற்கு 1:13-ல் வனாந்தரத்தில் சாத்தான் சோதிக்கிறான், தேவதூதர்கள் ஊழியஞ்செய்கிறார்கள், இயேசு "காட்டுமிருகங்களின் நடுவிலே" இருக்கிறார். மிருகங்கள் சாத்தானின் பக்கம் நிற்பதாக அந்த வசனத்தில் இல்லை.

பெரிய செலவு இது: குளவியைப் பார்க்கும்போதெல்லாம் பாதி தேவன், பாதி பிசாசு என்று பிரித்துப் பார்க்கத் தொடங்குவோம். பிறகு படைப்பின்மீது அன்பு நிலைக்காது. கூட்டிலிருந்து வெளிவந்த குளவி பூவில் தேன் குடிக்கிறது, மகரந்தம் சுமக்கிறது. எந்தப் பாதி யாருடையது?

ஆனாலும் கொடிய ஒட்டுண்ணி நோய்களைப் பார்த்துத் தேவன்மேல் கோபப்பட்டு நிற்கிறவருக்கு, தேவனும் இதை எதிர்க்கிறார் என்று சொல்லும் இந்தப் பதில் ஆறுதலாக இருக்கும். சுகமாக்கும்போது இயேசு நோயைப் பகைவனாகவே நடத்தினார் என்பது மறுக்க முடியாதது.

## 4. முடியாத சிருஷ்டி

சிருஷ்டி நல்லது, ஆனால் இன்னும் நிறைவடையவில்லை. இதுதான் நான்காவது பதில். சிங்கத்துக்கு இரை கொடுப்பவர் தேவன்தான். அதே தேவன் சிங்கம் வைக்கோல் தின்னும் நாளையும் வாக்குப்பண்ணியிருக்கிறார். ஏசாயாவின் தரிசனம் ஏதேனுக்குத் திரும்புவதல்ல, இதுவரை இல்லாத ஒன்று வருவது. ரோமர் 8 இதற்கு இசைவான வசனம். சிருஷ்டி "மாயைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறது", ஆனால் "நம்பிக்கையோடே". தவிப்பு சாவுப் படுக்கையின் தவிப்பு அல்ல, பிரசவ அறையின் தவிப்பு.

பரிணாமத்தை ஏற்கும் இறையியலாளர்கள் இதோடு ஒரு வாதத்தைச் சேர்க்கிறார்கள். கழுத்தின் நளினமும் கண்ணின் கூர்மையும் ஓட்டத்தின் வேகமும் மூளையின் விரிவும் இந்த வேட்டை, தப்பித்தல் என்ற நீண்ட போராட்டத்தில்தான் உருவாகின, இத்தகைய உயிர்கள் உண்டாக இதைத்தவிர வேறு வழி இல்லாதிருக்கலாம் என்பது அது. ஆங்கிலேய இறையியலாளர் கிறிஸ்டோபர் சௌத்கேட் இதை வலுவாக முன்வைக்கிறார். ஆனால் அதோடு நிற்பதில்லை. வெள்ளைக் கூழைக்கடா இரண்டு முட்டை இடும். இரண்டாவது குஞ்சு பெரும்பாலும் மாற்று ஏற்பாடுதான். முதல் குஞ்சு நலமாக இருந்தால் இரண்டாவது ஒதுக்கித் தள்ளப்பட்டுச் சாகும். அந்தக் குஞ்சுக்கு என்ன பதில் என்று அவர் கேட்கிறார். வாழக் கிடைக்காத வாழ்வை அது புது சிருஷ்டியில் பெற வேண்டும் என்கிறார். நான்காவது கல்லைக் கையில் எடுத்து நேராக எடைபோடுகிறார்.

செலவை மறைக்க மாட்டேன். வேட்டை இல்லாத புது பூமியைத் தேவன் படைக்க முடியுமென்றால், முதலிலேயே ஏன் அதைப் படைக்கவில்லை? "வேறு வழி இல்லை" என்பது சர்வ வல்லவரைப் பற்றிச் சொல்லக்கூடிய வாக்கியமா? முடிவு நன்றாக இருக்கும் என்பதற்காக, கோடிக்கணக்கான வருடங்களின் வலியை வழிச்செலவு என்று எழுதிவிடலாமா? இதற்கு முழுமையான பதில் யாரிடமும் நான் கேட்டதில்லை. அதனால் "வேறு வழி இல்லை" என்ற பாதியை நான் எடுத்துக்கொள்வதில்லை. "இன்னும் முடியவில்லை" என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு வேத ஆதாரம் போதுமானது.

அறிவியலையும் விசுவாசத்தையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க வேண்டிய மாணவருக்கு இது பொருந்தும். சங்கீதம் 104-ஐயும் ஏசாயா 11-ஐயும் ஒன்றுக்காக இன்னொன்றைக் கைவிடாமல் வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கும் பொருந்தும். கூட்டத்தில் சிலருக்கு இது மழுப்பலாகத் தோன்றும். அவர்களிடம் ரோமர் 8:18 முதல் 25 வரை சத்தமாக வாசித்துவிட்டுப் பேசுங்கள்.

## நான் எடுத்தது

இரண்டாவதையும் நான்காவதையும் சேர்த்துப் பிடித்திருக்கிறேன். சிங்கத்தின் பசி தேவனுடைய நன்மைக்கு வெளியே இல்லை, ஏனென்றால் வேதம் அதை ஜெபமாகவே கேட்கிறது. மானின் வலியை நன்மை என்று அழைக்க மாட்டேன், ஏனென்றால் வேதமும் அப்படி அழைக்கவில்லை. தேவன் போஷிப்பதை வேதம் புகழ்கிறது, மிருகம் மிருகத்தைக் கொல்லுவதைப் புகழ்ந்து ஒரு சங்கீதமும் இல்லை. இந்த வித்தியாசம் புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று. "நன்றாயிருந்தது" என்ற வார்த்தையைக் கன்றின் கண்ணில் தெரிந்த பயத்தின்மேல் ஒட்ட வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. முதலையைச் சபிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

குளவிக்கூட்டின் முன்னால் நின்று இதைச் சொல்ல முடிகிறதா? பாதி முடிகிறது. புழுவுக்கு மானைப்போல வலி தெரியுமா என்ற வாதத்துக்குள் ஒளிந்துகொள்ள நான் விரும்பவில்லை. அந்த ஏழு புழுக்களையும் வால் நுனி மடங்கியதையும் நினைத்துக்கொண்டே "சர்வ சிருஷ்டியும்" என்ற சொல்லை வாசிக்கிறேன். அதில் அவையும் இருக்கின்றன.

வகுப்பெடுக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் சங்கீதம் 104-ஐ வாசியுங்கள், பிறகு ஏசாயா 11-ஐ. வரிசையை மாற்றினால் பிள்ளைகள் முதலையையும் சிங்கத்தையும் கெட்டவையாகவே பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரியவர்கள் வகுப்பென்றால் நான்கு பதில்களையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் எந்த வசனத்தின்முன் தடுமாறுகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையிடம் நான் சொன்னது குறைவுதான். முதலைக்கும் பசிக்கும், அதற்கும் தேவன்தான் சாப்பாடு கொடுக்கிறார் என்றேன். கன்று பயந்ததை அவர் நல்லது என்று சொல்லவில்லை, யாரும் யாருக்கும் பயப்படாத நாள் ஒன்றை வைத்திருக்கிறார் என்றேன். அப்போ இந்தக் கன்னுக்குட்டி என்று மறுபடி கேட்டாள். மத்தேயு 10:29-ஐ எடுக்கச் சொன்னேன். ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவி, பிதாவின் சித்தமில்லாமல் அவைகளில் ஒன்றாகிலும் தரையிலே விழாது. அவள் விரலை வைத்துக்கொண்டு இரண்டு தடவை வாசித்தாள். "விழாதுன்னு போடலை டீச்சர். அவருக்குத் தெரியாம விழாதுன்னுதான் போட்டிருக்கு" என்றாள்.

ஆமாம் என்றேன்.